சீனத்து இசைவாணர் நியே அர்

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் சொல்லிவிட்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியவராயிருக்கிறோம். சிறுவர் இசை நிகழ்ச்சியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடையேறித் தேசபக்திப் பாட்டொன்றைப் பாடத் தொடங்கினான். இரண்டடி பாடியதுமே அஃது ஒரு சினிமாப் பாட்டு என்பது சபையோர்க்குப் புலனாயிற்று. நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு எம்மிடம் இருந்தமையின், தேவாரமோ பாரதியார் பாடலோ பாடுக, சினிமாப் பாட்டு வேண்டா என்று அவனை நிறுத்தினோம். பையன் வாய் திறவாமல் இறங்கிச் சென்றான். பின்னர்ப் பந்தியில் அமர்ந்திருந்தபோது அவனுடைய பாட்டியார் எம்மருகே வந்து, "வாத்தியாரையா, நாட்டைப் பத்தின பாட்டுத்தானே? எங்கேயிருந்து வந்தா என்ன?" என்று கேட்டார். அவ்வம்மையார்க்கு யாம் அன்று விடை கூறவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடை தேடப் புகுந்த காலத்து எம் கண்ணில் பட்டதே ஈண்டு எழுதப் புகும் வரலாறு.

சீன தேசத்தின் நாட்டுப்பண் ஒரு சினிமாப் பாட்டு. இதனை நம் அன்பர்களுட் பலர் அறிந்திருக்கமாட்டார்கள், யாமும் அறிந்திருந்தோமல்லேம். 1935-ஆம் ஆண்டு ஷாங்காய் நகரில் எடுக்கப்பெற்ற பேசும்படம் ஒன்றில் வந்த பாட்டே, இன்று 140 கோடி மக்களின் நாட்டுப்பண்ணாக விளங்குகின்றது. அதற்கு இசை வகுத்தவர் நியே அர் என்னும் இளைஞர். பாட்டை முடித்த சில மாதங்களுக்குள், தம் 23-ஆம் வயதில், அவர் கடலில் மூழ்கி இறந்தார்.

யூனான் என்பது சீனத்தின் தென்மேற்குக் கோடியில், பர்மாவை ஒட்டிய மலைநாடு. அதன் தலைநகராகிய குன்மிங்கில் 1912-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியே அர் பிறந்தார். அதே திங்களிலேதான் சீனத்தின் கடைசிச் சக்கரவர்த்தி முடி துறந்தார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஈராயிரம் ஆண்டு நின்ற முடியாட்சி வீழ்ந்து, குடியாட்சி என்ற பெயர் மட்டும் வந்து, நாடு படைத்தலைவர் பலர் கையிற் சிக்கிச் சிதறிக் கிடந்த காலம் அது.

தந்தையார் நாட்டு வைத்தியர். சிறு மருந்துக்கடை ஒன்று வைத்திருந்தார். 1916-இல், மகனுக்கு நான்கு வயது ஆனபோது, அவர் இறந்தார். தாயார் அந்நாட்டுப் பழங்குடிகளுள் ஒன்றாகிய தாய் இனத்து வழி வந்தவர். கணவரிடம் கண்டும் கேட்டும் கற்ற வைத்தியத்தைக் கொண்டே கடையைத் தாமே ஏற்று நடத்தி மக்களை வளர்த்தார். இரவில் யூனான் நாட்டுக் கதைகளைப் பாட்டாகப் பாடி மக்களுக்குச் சொல்வது அவர் வழக்கம். அண்டை வீட்டில் ஒரு தச்சர் இருந்தார். புல்லாங்குழல் வாசிப்பதில் வல்லவர். சிறுவன் அவரிடம் குழல் கற்றான். பின்னர் நிலாவைப் போல் வட்டமான குடத்தை உடைய யூவெச்சின் என்னும் நரம்புக் கருவியையும், வில்லிட்டு வாசிக்கும் ஹூச்சின் என்னும் கருவியையும் பழகினான். இசையாசிரியர் என்று ஒருவரைத் தேடிச் சம்பளம் கொடுத்துக் கற்பிக்க அக்குடும்பத்திற்கு வகையில்லை. தாயும் தச்சரும் தெருவுமே அவனுக்குக் குருகுலம்.

1927-இல் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார். எம் தொழிலுக்கு வரவேண்டியவர் என்று எண்ணும்போது எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாவதை மறைப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்து மாணவர் கிளர்ச்சி அவரை இழுத்துக்கொண்டது. 1928-இல் கம்யூனிஸ்டு வாலிபர் சங்கத்திற் சேர்ந்தார். அதே ஆண்டு வீட்டாரிடம் சொல்லாமலே படையிற் சேர்ந்து வெளியூர் போய், மறு ஆண்டு திரும்பி வந்தார். 1930-இல் போலீசார் தேடத் தொடங்கவே, யூனானை விட்டு ஷாங்காய்க்குச் சென்றார். அங்கே தம் ஊரார் நடத்திய சிகரெட்டு வியாபாரக் கடை ஒன்றில் சிப்பந்தியானார்.

அந்நாளைய ஷாங்காயின் நிலையைச் சிறிது சொல்லாவிட்டால் மேல்வருவது விளங்காது. நகரின் பெரும்பகுதி வெள்ளையர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சீனத்துப் படத்தொழில் அங்கேதான் வளர்ந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளும் நடனக் கொட்டகைகளும் அங்கேதான் மிகுந்திருந்தன. ஒருபுறம் மின்விளக்கும் மோட்டார் வண்டியும். மறுபுறம் துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு கூனிய கூலிகள், ஆலைகளில் இரவு பகல் நின்ற சிறுமிகள். இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட இளைஞர் நியே அர். கையிற் சிறிது பணம் வந்தபோது ஒரு பகுதியைத் தாயார்க்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு ஒரு பழைய பிடில் வாங்கினார். கடை வேலை முடிந்தபின் இரவில் அதனைப் பயின்றார். 1931-இல் கடை மூடப்பெற்றது. வேலை போயிற்று, பிடில் இருந்தது. லீ சின்ஹுயி என்பாருடைய 'பிரகாச நிலா' ஆடல்பாடற் குழு வாத்தியக்காரரைத் தேடியபோது, அதிற் சென்று சேர்ந்தார்.

பெயர்க் காரணத்தை இவ்விடத்திற் சொல்லவேண்டும். பெற்றோர் இட்ட பெயர் ஷௌசின் என்பது. எப்பாட்டைக் கேட்டாலும் அப்படியே திருப்பிப் பாடும் ஆற்றலும், காது மடல்களை நினைத்தவாறு அசைத்துக் காட்டும் வேடிக்கையும் அவரிடம் இருந்தமையின், குழுவிலிருந்த சிறுமிகள் அவரைக் காது ஐயா என்று அழைத்தனர். சீன எழுத்து முறையில் நியே என்னும் குடும்பப் பெயரே மூன்று காதுகளை அடுக்கி எழுதப்படுவது. விருந்தொன்றில் இவ்விளிப்பெயரைக் கேட்டு யாவரும் நகைக்க, மூன்று காது போதாதென்று நான்காவதும் தருகிறீர்களா, சரி, வைத்துக்கொள்கிறேன் என்று கூறி, காது எனப் பொருள்படும் 'அர்' என்பதையே தம் பெயராக வைத்துக்கொண்டார். வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போதெல்லாம் இனி இவர் நினைவு எமக்கு வரும்.

1931 செப்டம்பர் 18-இல் ஜப்பானியர் மஞ்சூரியாவிற் புகுந்தனர். 1932 ஜனவரி 28-இல் ஷாங்காயின் மீதே குண்டு விழுந்தது. 'பிரகாச நிலா'க் குழுவோ முன்போலவே மென்காதற் பாட்டுக்களும் சிறுமியர் நடனமுமாக நடந்துகொண்டிருந்தது. ஊர் எரியும்போது இவ்வாட்டம் தகுமா என்று நியே அர் மனம் கொதித்தார். 'கறுப்புத் தேவதூதன்' என்ற புனைபெயரில் லீ சின்ஹுயியின் இசையைக் கடுமையாகத் தாக்கிப் பத்திரிகையில் எழுதினார். உண்மை வெளிப்படவே குழுவை விட்டு நீங்க நேர்ந்தது.

இதில் யாம் முழுதும் நியே அரின் பக்கம் நிற்கமாட்டோம். லீ சின்ஹுயி, வேலையிழந்து வந்த இளைஞனுக்குச் சோறும் பயிற்சியும் தந்தவர். குழந்தைகளுக்கென்று இசை நாடகங்கள் இயற்றியவர். சீனத்து மெல்லிசைக்கு வழி திறந்தவர் அவரே என்று இன்று அறிஞர் ஒப்புகின்றனர். அவர் பாட்டுக்களை இழிந்தன என்று பழிக்கும் குரல் பிற்காலத்தில் அரசாங்கக் குரலாகவே மாறிற்று. பண்பாட்டுப் புரட்சி என்ற பெயரால் நடந்த கொடுமைக்கு இலக்காகி 1967-இல் அம்முதியவர் இறந்தார். இருபது வயது இளைஞன் எழுதிய சூடான கட்டுரைக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லைதான். ஆயினும் ஒருவர் பாட்டை மற்றொருவர் மேடையிலிருந்து இறக்கும்போது எங்கே போய் நிற்கும் என்பதை யார் அறிவார்? சென்ற ஆண்டு நாமே செய்ததன்றோ அது!

குழுவை நீங்கியபின் பீகிங் சென்று கலைக்கல்லூரித் தேர்வெழுதினார், தேறவில்லை. மீண்டும் ஷாங்காய் வந்து லியன்ஹுவா என்ற படக் கம்பெனியிற் சேர்ந்தார். 1933-இல் நாடகாசிரியர் தியான் ஹான் என்பவர் முன்னின்று இவரைக் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்த்தார். அக்கட்சி அப்போது தடை செய்யப்பெற்றிருந்தது. சேர்வது உயிருக்கே ஆபத்து.

அவ்வாண்டு முதலே இசை அமைக்கலானார். முறையான கல்லூரிக் கல்வி இல்லாதவர். அவர் செய்தது வேறு. தெருவில் இறங்கிக் காதைத் திறந்து வைத்துக்கொண்டார். செய்தித்தாள் விற்கும் சிறுமி ஒருத்தியின் கதை இதற்கு நல்ல சான்று. டிராம் வண்டிகள் நிற்கும் இடத்தில் கூவிக் கூவித் தாள் விற்ற அச்சிறுமியோடு பேசி, அவள் வாழ்க்கையைக் கேட்டறிந்து, கவியரசியாகிய அன் அ என்பவரைக் கொண்டு பாட்டெழுதச் செய்து, இசை அமைத்தார். முடிந்ததும் நேரே அவளிடமே சென்று பாடிக்காட்டி, நன்றாயிருக்கிறதா என்று கேட்டார். அவள், நன்றாயிருக்கிறது, ஆனால் இத்தனை காசுக்கு இத்தனை தாள் என்பதையும் சேர்த்தால் நான் பாடிக்கொண்டே விற்பேனே என்றாள். அவர் திரும்பிச் சென்று அவ்வாறே விலையைப் பாட்டிற் சேர்ப்பித்தார். தம் பாட்டை ஒரு சிறுமி திருத்தச் சம்மதித்த புலவர் நம்முள் எத்தனை பேர்? யாம் எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம். அப்பாட்டு இன்றளவும் சீனத்துக் குழந்தைகள் வாயிற் பயில்கின்றது.

பிறவற்றை விரைந்து கூறிச் செல்வோம். 1934-இல் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றிற் பணி ஏற்றார். அவ்வாண்டில் வெளிவந்த படம் ஒன்றில், பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் பாடும் பாட்டுக்கு இவர் இசை அமைத்தார். அது கலாசாலைதோறும் பரவிற்று. சாலை போடும் தொழிலாளரைப் பற்றிய 'பெருஞ்சாலை' என்ற படத்துக்கும், துறைமுகக் கூலிகளைப் பற்றிய இசை நாடகத்துக்கும் பாட்டமைத்தார். அந்நாடகத்தில் தாமே கிழவன் வேடம் பூண்டும் நடித்தார். நாட்டுப்புற மெட்டுக்களைக் கொண்டு வாத்தியக் குழுவுக்கென்று சில இசைகளும் செய்தார். அவற்றுள் ஒன்று குன்மிங் நகரத்துப் பச்சை ஏரியின் வைகறையைப் பற்றியது. ஈராண்டிற்குள் 30-க்கு மேற்பட்ட பாட்டுக்கள்.

இனிப் பெரும்பாட்டின் வரலாற்றுக்கு வருவோம். மஞ்சூரியாவில் ஜப்பானியரை எதிர்த்து, அரசாங்கத்தின் துணையின்றித் தாமே ஆயுதம் ஏந்திய தொண்டர் படைகளைப் பற்றிய செய்தி நாடெங்கும் பரவியிருந்தது. அவர்களை உள்ளத்திற் கொண்டு தியான் ஹான் ஒரு படத்துக்குக் கதை எழுதினார். காதல் மயக்கத்தில் ஆழ்ந்திருந்த கவிஞன் ஒருவன், தன் நண்பன் போரில் மாண்டதை அறிந்து, தானும் தொண்டர் படையிற் சேர்வதே கதை. 'சூறாவளிக் காலத்து மக்கள்' என்று படத்தின் பெயரைத் தமிழிற் சொல்லலாம். கதையையும் ஒரு பாட்டின் சொற்களையும் எழுதிய அளவில், 1935 பிப்ரவரியில், கோமிந்தாங் அரசாங்கம் தியான் ஹானைச் சிறையிலிட்டது. அப்பாட்டின் சொற்கள் சிகரெட்டுப் பெட்டியின் உள்தாளில் எழுதப்பட்டுக் கிடைத்தன என்று ஒரு கதை வழங்குகின்றது. அதற்கு இசை அமைக்கும் வேலையைத் தமக்குத் தருமாறு நியே அர் தாமே சென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

தம்மையும் பிடிக்க ஏற்பாடு நடப்பதை அவர் அறிந்தார். ஏப்ரல் 15-இல் கப்பலேறி ஜப்பானுக்குச் சென்றார். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் ருஷியாவுக்கும் சென்று முறையாக இசை கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்நாட்டாரை எதிர்த்து எழுமாறு அழைக்கிறதோ அந்நாட்டின் தலைநகரிலிருந்தே அப்பாட்டின் இசை முற்றுப்பெற்றுத் தபாலில் ஷாங்காய்க்கு வந்தது. மே 9-இல் தட்டிற் பதிவு செய்தனர். வாத்தியக் கோவை செய்தவர் ஷாங்காயில் வாழ்ந்த அவ்ஷலமோவ் என்னும் ருஷிய யூதர். மே 24-இல் படம் வெளிவந்தது. பாட்டின் பெயர் 'தொண்டர் படையின் நடைப்பாட்டு'.

அதன் இசையமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல அன்பர்கள் பொறுத்தருள்க. சொற்கள் 84 எழுத்துக்களே. இசை 37 தாளக்கட்டு. பாடி முடிக்க 46 விநாடி. தியான் ஹான் எழுதிய வரிகள் அளவொத்தன அல்ல. ஒன்று நீளும், ஒன்று குறுகும். எம்மைப் போன்ற யாப்புப் படித்தவர் கையிற் கிடைத்திருந்தால், சீர் சிதைந்தது, தளை தட்டியது என்று சிவப்பு மையால் திருத்தியே அதன் உயிரைப் போக்கியிருப்போம். நியே அர் திருத்தவில்லை. நீண்ட வரியை ஒரே மூச்சில் ஓடவிட்டார். குறுகிய வரியை அடி வைத்து நடக்கவிட்டார். 'எழுக' என்று பொருள்படும் சொல்லை ஓரிடத்தில் மும்முறை அடுக்கினார். மந்தர பஞ்சமத்தில் தொடங்கி, முதல் விளி ஸட்ஜத்தில் வந்து நிற்கும். அடுத்தது காந்தாரத்திற்கு ஏறும். மூன்றாவது பஞ்சமத்தில் நின்று நீளும். படிக்கட்டில் ஏறுவதுபோலப் பாடுவோர் குரலும் ஏறும், நெஞ்சும் ஏறும். முடிவில் 'முன்னேறுக' என்னும் சொல்லை மும்முறை சொல்லி, நான்காவதாக அச்சொல்லின் பின்பாதியை மட்டும் ஒருமுறை வைத்து, காலை ஊன்றினாற்போல் நிறுத்தினார். இம்மாறுதல்கள் நியே அர் செய்தவை.

நம் இசையறிவுடைய அன்பர்க்கு மற்றொன்று. இப்பாட்டில் மத்திமம் இல்லை. நிஷாதம் ஒரே ஓரிடத்தில் தலைகாட்டி மறையும். ஏனைய எல்லாம் நம் மோகன ராகத்து ஐந்து சுரங்களே. சீனத்துப் பழைய இசை ஐந்து சுரத்தின் மேல் நிற்பது. முல்லைப்பண் என்று நம் முன்னோர் போற்றியதும் இதுவே என ஆராய்ந்தோர் கூறுவர். மேற்றிசைப் படைநடையின் தாளத்தை வாங்கிக்கொண்டு, தன் ஊர்த் தச்சரின் குழலிற் கேட்ட சுரங்களிலேயே அவர் நின்றார். ஆதலின் உழவனும் கூலியும் ஒருமுறை கேட்டவுடன் பாட முடிந்தது.

1935 ஜூலை 17-இல், தோக்கியோவுக்குத் தெற்கே புஜிசாவா என்னும் ஊரின் குகேனுமாக் கடற்கரையில், நண்பர்களுடன் நீராடச் சென்ற நியே அர் திரும்பவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. பகைவர் செய்த சூழ்ச்சியோ என்று ஐயுற்றோர் உண்டு; அதற்குச் சான்று கிடைத்ததில்லை. சாம்பலை நண்பர்கள் தாய்நாட்டுக்குக் கொணர்ந்தனர். குன்மிங் நகர்க்கு மேற்கேயுள்ள மலையில் அவர் கல்லறை இருக்கிறது. இன்று காணப்பெறும் அதன் அமைப்பு, இளமையில் அவர் வாசித்த யூவெச்சின் கருவியின் வடிவிலானது.

பாட்டுக்கு அப்போது வயது இரண்டு திங்கள். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் பாட்டு ஓடிற்று. 1936-இல் லியூ லியாங்மோ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத் தொண்டர், ஷாங்காய் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டி ஒருங்கே பாடப் பழக்கினார். 1937-இல் முழுப்போர் மூண்டதும் பள்ளியிலும் படையிலும் கட்சி வேறுபாடின்றிப் பாடினர். தியான் ஹானைச் சிறையிலிட்ட கட்சியின் படைவீரரும் பாடினர். அமெரிக்கா சென்ற லியூ லியாங்மோ, நீக்ரோ மக்களின் பெரும்பாடகராகிய பால் ரோப்சனுக்கு அதனைக் கற்பித்தார். ரோப்சன் அதைச் சீனமொழியிலேயே பாடி 1941-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். கட்டடக் கலைஞர் லியாங் சுச்செங், அமெரிக்கத் தெருவொன்றில் மிதிவண்டியிற் சென்ற இளைஞன் அம்மெட்டைச் சீழ்க்கையடித்துச் சென்றதைத் தாம் கேட்டதாகப் பின்னர்ச் சபையிற் சொன்னார்.

அச்சபை 1949-இல் கூடியது. புதிய ஆட்சிக்கு நாட்டுப்பண் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்தனர். 632 உருப்படிகள் வந்தன. பாட்டுச் சொற்கள் மட்டும் 694. ஒன்றும் தேறவில்லை. ஓவியர் ஷூ பெய்ஹோங் என்பவரே, சினிமாவில் வந்த இப்பாட்டைக் கொள்ளலாமே என்றார். தடை எழுந்தது. தேசத்திற்கு மிக்க ஆபத்தான வேளை வந்தது என்று அதில் வருகிறதே, வெற்றி பெற்றபின் அச்சொல் எதற்கு, மாற்றிவிடலாம் என்றனர் சிலர். எழுதிய தியான் ஹானும் மாற்ற உடன்பட்டார். இருந்தபடியே இருக்கட்டும், அப்போதுதான் உணர்ச்சி உண்டாகும் என்றார் சூ என்லாய். மா சே துங்கும் இசைந்தார். செப்டம்பர் 27-இல் தற்காலிக நாட்டுப்பண்ணாக முடிவாயிற்று. அக்டோபர் 1-இல் தியனன்மென் வாயிலில் முழங்கிற்று. நம் நாட்டில் 1950 ஜனவரி 24-இல் ஏற்ற பண்ணுக்குச் சொல்லும் இசையும் இரவீந்திரர் ஒருவரே தந்தார். சீனத்தின் பண்ணுக்கோ இருவர். ஒருவர் கடலுக்கு இரையானார். மற்றவர் கதியைக் கேண்மின்.

1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் தியான் ஹான் துரோகியென்று தூற்றப்பட்டுச் சிறையிடப்பெற்றார். 1968 டிசம்பர் 10-இல் காவலிலேயே இறந்தார். அவர் எழுதிய சொற்களைப் பாடுதல் கூடாதென்று ஆயிற்று. நாட்டுப்பண்ணை வாத்தியத்தில் மட்டுமே வாசித்தனர். சொல்லின்றி இசை மட்டும் பத்தாண்டுக்கு மேல் ஒலித்தது. 1978-இல் வேறு சொற்களை எழுதிப் பாடச் செய்தனர். அவை மக்கள் நாவில் நிற்கவில்லை. 1979-இல் தியான் ஹான்மேற் சுமத்திய பழி நீக்கப்பெற்றது. 1982 டிசம்பர் 4-இல் பழைய சொற்களே மீண்டன. 2004-இல் அரசியற் சட்டத்திலும் பாட்டின் பெயர் ஏறிற்று.

சொல்லே தலைமையுடையது, இசை அதற்கு ஊர்தி என்று முப்பதாண்டாகக் கற்றும் கற்பித்தும் வந்தவர் யாம். இவ்விடத்தை முதன்முறை படித்தபோது நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தோம். சொல்லைச் சிறையிட்டார்கள், எழுதியவனையும் சிறையிட்டார்கள். அவ்வளவும் செய்தவர்கள், இறந்துபோன 23 வயது இளைஞனின் இசையைத் தொட இயலாது தாமே எழுந்து நின்று கேட்டார்கள். இசையைக் கேட்ட ஒவ்வொருவர் நெஞ்சிலும் விலக்கப்பட்ட சொற்கள் ஓடியிருக்கும் அல்லவா? அதை எந்தச் சிறையில் அடைப்பது?

ஆட்சியாளர்க்கும் பாட்டுக்கும் உள்ள பிணக்கு இன்னும் தீர்ந்ததாகத் தோன்றவில்லை. 2017-இல் நாட்டுப்பண்ணை அவமதிப்போரைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. ஹாங்காங்கில் பந்தாட்ட மைதானங்களில் அதனை இளைஞர் கூச்சலிட்டு எதிர்த்தமையால், 2020-இல் அங்கும் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் செய்தனர். அடிமைகளாக இருக்க மறுப்போரை எழச் சொன்ன பாட்டை, எழுந்து நில்லாவிட்டால் தண்டனை என்று காவல் செய்யும் காலம் வந்ததைக் கண்டு நியே அர் என்ன சொல்லியிருப்பார்? செய்தித்தாள் விற்ற சிறுமியிடம் செய்ததுபோல, முதலில் அவர்களிடம் சென்று, பாட்டில் என்ன குறை என்று கேட்டிருப்பார் என்றே எமக்குத் தோன்றுகிறது. இஃது எம் எண்ணம் மட்டுமே.

நம் நாட்டிலும், பாரதியார் பாடல்களை ஏட்டிற் படித்தறியாத எத்தனையோ வீடுகளுக்கு 1947-இல் வந்த 'நாம் இருவர்' படமும் அதன் இசைத்தட்டுமே அவற்றைக் கொண்டு சேர்த்தன. பாரதியார் பாடலைப் பாடு, சினிமாப் பாட்டுப் பாடாதே என்று யாம் அன்று மேடையருகே சொன்னபோது இது எம் நினைவுக்கு வரவில்லை.

புஜிசாவா ஊராரைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் குறையாகும். சீனத்தின் நாட்டுப்பண் செய்தவர் தங்கள் கடற்கரையில் இறந்தவர் என்பதைப் போருக்குப் பின்னரே அவர்கள் அறிந்தனர். தம் நாட்டுப் படையை எதிர்த்து எழுந்த பாட்டு என்பதையும் அறிந்தே, ஊரார் பொருள் திரட்டி 1954-இல் நினைவுக்கல் நாட்டினர். 1958-இல் புயல் அதனை அடித்துச் சென்றது. 1965-இல் மீண்டும் கட்டினர். சீன எழுத்தில் காது என்பதை எவ்வாறு எழுதுவரோ அவ்வடிவிலேயே கல்லை அமைத்திருக்கின்றனர். 1981-இல் புஜிசாவாவும் குன்மிங்கும் உடன்பிறப்பு நகரங்கள் ஆயின. ஜூலை 17-இல் அங்கே மலர் வைத்து அவரை நினைவு கூர்கின்றனர்.

சென்ற வாரம் அப்பாட்டியார் இல்லத்திற்குச் சென்று இவ்வரலாற்றைச் சொல்லி, அன்று செய்தது தவறென்று கூறிவந்தோம். பையன் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வாண்டு விழா நிரலில் அவன் பெயரைச் சேர்த்திருக்கிறோம். என்ன பாட்டு என்று யாம் கேட்கவில்லை.